'நரம்பை ரீசெட் செய்கிறோம்' என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போட்ஸ் (POTS: எழுந்து நின்றாலே இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறிவிடும் தன்னியக்க நரம்புக் கோளாறு) இருப்பவர்களுக்கும், போட்ஸாக இருக்குமோ என்று சந்தேகத்தில் இருப்பவர்களுக்கும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "உங்கள் நரம்பு மண்டலத்தை 12 வாரத்தில் ரீசெட் செய்து தருகிறோம்" என்று சொன்ன ஒரு மையத்தில் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டி ஏமாந்தேன். பணம் போனதுகூட ஆறிவிடும். அவர்கள் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியதால் தாடையில் 4 தையல் போட்டுக்கொண்டு வந்தேன். அது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

இந்த நோய் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை மேலே அனுப்புகிற வேலையைத் தன்னியக்க நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்ளும். வியர்வை, செரிமானம், இதயத் துடிப்பு என்று நாம் நினைக்காமலே நடக்கிறவை எல்லாம் அதன் பொறுப்பு. என் உடம்பில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. படுத்திருக்கும்போது 76 இருக்கும் பல்ஸ், எழுந்து நின்ற எட்டாவது நிமிடத்தில் 124 ஆகிவிடும். நின்றுகொண்டு தலை வாரி முடிப்பதற்குள் கண் இருட்டும், கை நடுங்கும், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் பாதியில் அடுத்த சொல் மறந்துபோகும்.

நின்ற 10 நிமிடத்துக்குள் பெரியவர்களுக்கு 30 துடிப்பு, 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40 துடிப்பு கூட வேண்டும். இரத்த அழுத்தம் பெரிதாக விழக் கூடாது. தொந்தரவு மாதக்கணக்கில் நீடிக்க வேண்டும். வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும். அப்போதுதான் போட்ஸ் என்பார்கள். பி.பி. விழாததால்தான் நான் போன இடமெல்லாம் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினார்கள். ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்தது. பெயர் தெரிய 2 வருடம் ஆனது. அந்த 2 வருடமும் நான் கேட்டது ஒரே பதில்தான்: "டென்ஷன் ஆகாதீங்க, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." கடைசியில் ஒரு டாக்டர் டில்ட் டேபிள் என்கிற சாய்க்கும் மேசையில் படுக்கவைத்துக் கட்டி, அதை நிமிர்த்திப் பார்த்து, இதுதான் என்று சொன்னபோது நான் அழுதேன். நோய் இருக்கிறது என்று கேட்டு நிம்மதியில் அழுதேன்.

அவர் ஒளிக்காமல் பேசினார். "இதைக் குணப்படுத்துற மருந்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம். சிலருக்கு வருஷக்கணக்குல நல்லாவே குறையும்" என்றார். தினமும் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், அவர் அளந்து சொன்ன கூடுதல் உப்பு, இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் உடுப்பு, படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்கிற உடற்பயிற்சி, குறைந்த அளவில் ப்ராப்ரனோலால் (இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை). இந்த உப்புக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆபத்து. எனக்கு ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. குணமாகவில்லை, ஆனால் ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் மனுஷியாக நடமாட முடிந்தது.

அந்த நான்கைந்து மணி நேரம் எனக்குப் போதவில்லை. நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்த மையத்துக்குப் போனேன். என்னைப் பார்த்தவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். குளிக்கப் பயம், வரிசையில் நிற்கப் பயம், வெயிலில் இறங்கப் பயம் என்று நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். "உங்களுக்கு நடந்தது எதுவும் கற்பனை இல்ல மேடம். உங்க நரம்பு மண்டலம் பயத்துலேயே உறைஞ்சுபோய் நிக்குது. அதை நாம எழுப்பணும்" என்றார். 2 வருடம் யாரும் நம்பாத ஒருத்தியிடம் "நான் நம்புகிறேன்" என்று சொன்னால் அவள் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள். நான் போட்டேன்.

விரலில் ஒரு சென்சாரை மாட்டி, 3 நிமிடத்தில் வண்ண வண்ணமாக ஒரு அறிக்கை அச்சடித்துக் கொடுத்தார்கள். "உங்கள் நரம்பு வயது 71" என்று சிவப்பில் இருந்தது. எனக்கு வயது அதில் பாதிகூட இல்லை. அந்த சென்சார் அளப்பது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள நேர மாறுபாட்டை. அளவு உண்மைதான். ஆனால் மூச்சை மெதுவாக விட்டால் மாறும், தூக்கம் கெட்டால் மாறும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று காட்டும். அதை வைத்து நரம்புக்கு வயது சொல்லவும் முடியாது, போட்ஸ் இருக்கிறதா இல்லையா என்றும் சொல்ல முடியாது. இதை என் டாக்டர் பின்னால் விளக்கினார். அன்று அந்த 71ஐப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

நம் மொழியிலேயே இவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம். அங்கே இருப்பது இரத்தம் ஓடுகிற சிரை. கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, மறதி வந்தால் நரம்புத் தளர்ச்சி, சோர்வாக இருந்தால் அதுவும் நரம்புத் தளர்ச்சி. எதை எடுத்தாலும் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டதால், "நரம்பை வலுப்படுத்துகிறோம்" என்று ஒருவர் சொன்னால் எந்த நரம்பு, என்ன வேலை செய்கிற நரம்பு என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

காதில் மாட்டும் கிளிப் ஒன்றைக் கொடுத்து, வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகிற நரம்பு) தூண்டும் என்றார்கள். வலிப்பு நோய்க்கு 1997லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்த தொழில்நுட்பம் என்றும் சொன்னார்கள். அந்த வருடம் சரிதான். ஆனால் அன்று அனுமதி பெற்றது அறுவை சிகிச்சை செய்து மார்பில் பொருத்துகிற கருவி. காதுவழித் தூண்டலைப் போட்ஸுக்குப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, எல்லாம் சிறிய அளவில். அந்த ஆராய்ச்சி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, அது வளர வேண்டும் என்றும் ஆசை. ஆராய்ச்சியில் இருப்பதை முடிந்த முடிவாக விற்கிறார்களே, நான் ஏமாந்தது அதில்தான்.

இரண்டாவது வாரம், "மாத்திரை போடுற வரைக்கும் உங்க நரம்பு தானா வேலை செய்யக் கத்துக்காது. இன்னியிலிருந்து நிறுத்திடுங்க. அந்த எக்ஸ்ட்ரா உப்பும் வேண்டாம், அது நரம்பை எரிக்கும்" என்றார். வாயால்தான் சொன்னார், எதிலும் எழுதித் தரவில்லை. நான் வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தேன்.

ப்ராப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை அப்படி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அட்ரீனலின் போய் ஒட்டும் இடங்களை அது அடைத்து வைத்திருக்கும். உடம்பு அதற்குப் பழகி அந்த இடங்களை இன்னும் கூர்மையாக்கிக்கொள்ளும். திடீரென்று அடைப்பை எடுத்தால் அட்ரீனலின் முழு வேகத்தில் மோதும். நிறுத்த வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்த டாக்டர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். இதய நோய் உள்ளவர்களுக்குத் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் நாள் காலை, ஷவரில் வெந்நீர். வெந்நீர் இரத்தக் குழாய்களை இன்னும் விரிக்கும் என்பது எனக்குத் தெரியும். எப்போதும் ஸ்டூல் போட்டுத்தான் குளிப்பேன். அன்று "நரம்பு எழுந்துகொண்டிருக்கிறது" என்ற நம்பிக்கையில் நின்றேன். காதில் இரைச்சல் கேட்டது. சுவரின் வெள்ளை டைல்ஸ் ஓரத்திலிருந்து சாம்பலாகி நடுவுக்கு வந்தது. குழாயைப் பிடிக்கக் கை நீட்டியது வரைதான் நினைவு. கண் விழித்தபோது தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அது இளஞ்சிவப்பாகத் துளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டிக்கொண்டு அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துவது ரொம்ப தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

தையல் போட்டு வந்த பிறகு மையத்துக்குப் போன் செய்தேன். "இது ஹீலிங் ரியாக்‌ஷன் மேடம், நல்ல அறிகுறி. பயந்து பழைய மாத்திரைக்குப் போயிட்டீங்கன்னா இதுவரைக்கும் செஞ்சது வீணாயிடும்" என்றார்கள். உடம்பு நன்றாக இருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, மோசமானாலும் சிகிச்சை வேலை செய்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். நான் எழவில்லை. மாத்திரையை மட்டும் என் டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டு, அவர் அந்த மையம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று அங்கே தொடர்ந்து போனேன்.

ஆறாவது வாரம் முன்னேற்ற அறிக்கை தந்தார்கள். இடப்பக்கம் 126, வலப்பக்கம் 82, நடுவில் பச்சை அம்புக்குறி, "35 சதவீதம் முன்னேற்றம்". வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அன்று இரவு படுக்கையில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முதல் நாள் என்னை 5 நிமிடம் நிற்கவைத்துப் பல்ஸ் பார்த்தார்கள். ஆறாவது வாரம் சாய்வு நாற்காலியில் 20 நிமிடம் படுக்கவைத்து, விளக்கைக் குறைத்து, அப்புறம் பார்த்தார்கள். தாளில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு: "இதயத் துடிப்பு".

மறுநாள் காலை நானே அளந்தேன். 10 நிமிடம் படுத்திருந்து ஆக்சிமீட்டரில் பார்த்தேன்: 78. எழுந்து, குதிகால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, முதுகுச் சாய்ப்பில் அசையாமல் நின்றேன். அம்மா பக்கத்தில் நாற்காலியோடு நின்று நிமிடத்துக்கு ஒரு எண் எழுதினார். பத்தாவது நிமிடம் 123. ப்ராப்ரனோலாலைத் திரும்ப ஆரம்பித்த பிறகும் அதுதான் நிலைமை. (இதைத் தனியாக யாரும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஆள் வேண்டும், மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்கார வேண்டும்.) அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், "இன்னிக்கும் நிக்கவெச்சு எடுங்க" என்றேன். "இப்போ நிக்கவெச்சா மிஷின் தப்பாக் காட்டும்" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நான் கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினார்கள். கடைசிப் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்னதாக: "இது நலவாழ்வுப் பயிற்சி மட்டுமே; மருத்துவ சிகிச்சை அல்ல. கட்டணம் திருப்பித் தரப்படாது." சிகிச்சை இல்லை என்று தாளில் எழுதிக்கொண்டு, வாயால் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு சமாதானமாக, இன்னும் 6 வாரம் இலவசம், நான் குணமானதாக ஒரு வீடியோ பேசிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அங்கே சுவரில் ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களில் எத்தனை பேர் இப்படிப் பேசியவர்களோ என்று அப்போது தோன்றியது. மறுத்துவிட்டேன். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

இதைவிடப் பெரிய விபரீதங்களும் உண்டு. தன்னியக்க நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குக் கழுத்துச் சிரைக்குள் பலூன் விட்டு விரித்தால் சரியாகும் என்று சிலர் செய்துவந்தார்கள். அது பாதுகாப்பானது, பயன் தருவது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 மார்ச்சில் எச்சரிக்கை வெளியிட்டது. நமக்கு உறுதியான மருந்து இல்லாதவரை இப்படி ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

கடைசியாகப் போன அன்று, காத்திருக்கும் இடத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அந்த அம்மா கையில் அதே படிவம். "கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா, எனக்கு இங்க நல்லது நடக்கல" என்றேன். "எல்லா இடமும் பார்த்தாச்சும்மா. இவங்கதான் என் பொண்ணு சொல்றதை நம்புனாங்க" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா, உங்கள் கண்ணில் இது பட்டால்: அறிக்கையில் இருக்கிற இரண்டு எண்களும் உங்கள் பெண் எந்த நிலையில் இருக்கும்போது எடுத்தது என்று கேளுங்கள். அவள் வயதுக்கு நின்ற 10 நிமிடத்தில் 40 துடிப்பு கூடுகிறதா என்பதுதான் கணக்கு. அவள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மாத்திரை எதையாவது நிறுத்தச் சொல்லியிருந்தால், எழுதிக்கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.