பேஸ் கிட்டார்: இரண்டு விரலா, பிக்கா, கட்டைவிரலா?

தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ் பழக வரும் தம்பிகள் எல்லோரும் இடக்கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் சத்தம் மாறுவது வலக்கையில். எந்த முறை நல்லது என்று பார்க்க நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: 6/8 நடையில் (சுற்றுக்கு ஆறு அடி, அழுத்தம் ஒன்றிலும் நாலிலும்) நாலாவது அடி எப்படி விழுகிறது?

ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டினால், முதல் அடி ஆட்காட்டியில் விழும், நாலாவது நடுவிரலுக்குப் போய்விடும். இரண்டுக்கும் நீளமும் பலமும் வேறு. அதனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த அடி அமுங்கும், அல்லது துருத்திக்கொண்டு கேட்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வேண்டுமென்றே நடுவிரலில் தொடங்கி வாசித்துப் பழகுங்கள். பொறுமை வேண்டும்தான். ஆனாலும் முதலில் கற்க இதையே சொல்வேன். கையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் மெத்தென்ற நாதம், மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வந்தால் இறுக்கமான நாதம், இரண்டும் இந்த விரல்களிலேயே கிடைக்கும். மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அவருக்கு நாலாவது அடியில் சிக்கலே இல்லை!

பிக், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகடு, அதிலும் அதே சங்கடம் உண்டு. கீழ், மேல் என்று மாற்றி அடித்தால் நாலாவது அடி மேல்நோக்கி வரும். மெதுவான பாட்டில் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்துவிடலாம், வேகம் கூடினால் மணிக்கட்டு வலிக்கும். பிக் பிடிப்பவன் பேஸ்காரனே இல்லை என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் பேஸ் கலைஞர் கேரோல் கேய் பிக்கால்தான் வாசித்தார். கடல்காற்று வீசும் திறந்த மேடையில் ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் கேட்க பிக்தான் உதவும்.

உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே கம்பிமேல் லேசாக வைத்து, கட்டைவிரலால் கீழ்நோக்கி மீட்டுவது மூன்றாவது முறை. எல்லா அடியும் ஒரே விரல், ஒரே திசை. சுரம் சட்டென்று அடங்கிவிடுவதால், எதிரொலிக்கும் தகரக் கூரைக்குக் கீழே இதைப் போல வேறில்லை. வேகமான பாட்டுக்குத்தான் ஆகாது.

கட்டைவிரலால் கம்பியைத் தட்டி, மற்ற விரலால் சுண்டும் ஸ்லாப்பைக் கடைசியில் பார்க்கலாம். டிரம்மர் இல்லாத குழுவில் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யத்தான் அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் அதைப் பிடித்தார். நம் குழுவில் தபேலாவும் ரிதம் பேடும் ஏற்கெனவே அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. தவிர, ஸ்லாப்புக்குப் புதுக் கம்பியின் பளிச்சென்ற ஒலி வேண்டும். உப்புக்காற்றில் அது சீக்கிரம் மங்கிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அப்படியும் மங்கினால், துரு ஏறாதவரை கழற்ற வேண்டாம். கட்டைவிரல் வாசிப்புக்கு அந்த மங்கிய கம்பிதான் இதமாக இருக்கும்.