அன்றே பிசைந்த மாவா, ஃபிரிட்ஜில் உறங்கிய மாவா?

அரை கிலோ மைதா, 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு. பிரெட்டுக்கும் பீட்சாவுக்கும் எங்கள் வீட்டில் இதுதான் அளவு. மாறுவது ஈஸ்ட் மட்டும்.

அன்றைக்கே சுட வேண்டுமென்றால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரண்டு மடங்காகிவிடும். கொஞ்சம் மறந்தால் போச்சு, புளித்த வாடையோடு தளர்ந்து கிடக்கும்.

இன்னொரு வழி, இட்லி மாவைப் போல முதல் நாள் இரவே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. ஈஸ்ட் 2 கிராம் போதும். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்ய, மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கும். அதனால்தான் மறுநாள் பீட்சா ஓரம் நன்றாகச் சிவக்கிறது, வாசனையும் கூடுகிறது. மூடியைத் திறந்தால் மேலே கொப்புளம் கொப்புளமாக இருக்கும். விரல் நுனியால் அழுத்தினாலே விரிந்துகொடுக்கும். அவசர மாவோ ரப்பர் மாதிரி பின்னுக்கு இழுக்கும். ஆனால் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். நான் பாதி நாள் மறந்துவிடுவேன்.

சாண்ட்விச் பிரெட்டுக்கு முதல் வழியே சரி. தண்ணீரில் பாதியைப் பாலாக்கி, ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்தால் ருசி வந்துவிடும். பீட்சாவுக்கு மட்டும் ஃபிரிட்ஜ் மாவுதான், விருந்தாளி திடீரென்று வந்து நின்றாலொழிய.