மூன்று நாள் பழ டயட்: மட்டக்களப்புச் சந்தைப் பழங்களோடு ஒரு மதிப்பீடு

மூன்று வேளையும் பழம் மட்டும். சோறு, மா, சீனி, மீன் எதுவும் கிடையாது. மூன்று நாளில் இரண்டு கிலோ குறையும், உடம்பு உசாராகும் என்று சொல்லித்தான் இந்த டயட்டைப் பரிந்துரைக்கிறார்கள். நிறை குறைவது உண்மைதான். ஆனால் குறைவதில் பெரும்பகுதி தண்ணீர்.

ஈரலும் தசையும் மாச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்தால் அந்தச் சேமிப்புக் கரையும், தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 1,000 கலோரி குறைத்தாலும் மூன்று நாளில் 400 கிராம்தான். மிச்சமெல்லாம் சோற்றுக்குத் திரும்பிய சில நாட்களில் ஏறிவிடும். நிறை குறைப்பதற்கு மட்டும் என்றால் இந்த டயட் வேண்டாம். சீனித் தேத்தண்ணியும் பின்னேர ரோல்சும் வடையுமாகப் போகும் பழக்கத்தை அறுக்க வேண்டுமென்றால், நல்ல தொடக்கம்.

அதற்கும் பழத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சந்தைக்குப் போனால் பப்பாசியும் கொய்யாவும்தான் இதற்கு முதுகெலும்பு. பப்பாசி 100 கிராமில் 43 கலோரிதான், வயிறும் இளகும். காம்புப் பக்கம் வரை மஞ்சள் ஏறி, விரலால் அமத்தினால் சற்றே குழிகிற பழமாக எடுங்கள். வெளியே மஞ்சளாகவும் உள்ளே வெளிறிக் கடினமாகவும் இருந்தால், முற்றாமல் பறித்தது. கொய்யாவில் 100 கிராமுக்கு 2.6 கிராம் புரதம் இருக்கிறது. பழங்களில் அது பெரிய அளவு. ஆனால் நார்ச்சத்தும் 5 கிராமுக்கு மேல். பழக்கமில்லாத வயிறு முதல் நாளே அரைக் கிலோ கொய்யாவைக் கண்டால் ஊதிவிடும். இரண்டு பழத்தோடு தொடங்குங்கள்.

வத்தகப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலுக்கு நல்லது, பசிக்கு உதவாது. நிலத்தில் கிடந்த பக்கம் மஞ்சளித்திருந்தால் முற்றிய பழம், வெள்ளையாக இருந்தால் முந்திப் பறித்தது. இரவில் சாப்பிட்டால் நித்திரை கெடும், பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்னாசி நிறையச் சாப்பிட்டால் அதிலுள்ள புரோமலெயின் என்ற நொதி நாக்கைப் புண்ணாக்கும். கதலி, கோழிக்கூடு எதுவானாலும் வாழைப்பழம் நாளுக்கு மூன்று போதும். ஜூஸ் கடைப் பக்கம் போகவே வேண்டாம். வடித்தால் நார் போகிறது, சீனி சேர்கிறது, இரண்டு மணித்தியாலத்தில் பசியும் வந்துவிடுகிறது.

ஒரு நாளுக்குத் தோல், விதை நீக்கிய பப்பாசி 800 கிராம், கொய்யா 400 கிராம், வாழைப்பழம் மூன்று, வத்தகை அரைக் கிலோ என்று கணக்குப் பார்த்தால் 950 கலோரி அளவில் வரும். புரதம் 20 கிராமைத் தாண்டாது. 60 கிலோ நிறையுள்ளவருக்குத் தேவை 48 கிராம். இங்கேதான் டயட் சறுக்குகிறது: இரண்டாம் நாள் பின்னேரம் கை கால் சோர்ந்து, எரிச்சல் வரும். இதை 'நச்சு வெளியேறுகிறது' என்று சிலர் சொல்வது முழுப் பிழை. கலோரியும் புரதமும் உப்பும் போதாமைதான் பெரும்பாலும் காரணம். தேத்தண்ணியைத் திடீரென்று நிறுத்தினால் தலையிடியும் சேரும். சீனி போடாத பிளேன்டீ இரண்டு கப் குடிக்கலாம்.

திருத்தம் நம் ஊரிலேயே இருக்கிறது. மதியம் கால் கிலோ எருமைத் தயிர், சீனியோ பாணியோ இல்லாமல், பப்பாசியோடு. பின்னேரம் வறுத்த கச்சான் ஒரு பிடி, 40 கிராம் அளவு. இந்த இரண்டும் சேர்ந்தால் புரதம் 40 கிராமை எட்டும், கலோரி 1,400 ஆகும், இரவில் பசியும் எழுப்பாது. வெயிலில் வேலை செய்பவர் தேசிக்காய்த் தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். பழத்தில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். வியர்வையில் போவதோ சோடியம். தயிரும் கச்சானும் சேர்ந்த இந்த வடிவத்துக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். பழம் மட்டும் என்றால் இரண்டுதான்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கண்டிப்பாகத் தொடக் கூடாது. வாழைப்பழமும் இளநீரும் ஏற்றும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பும். இன்சுலின் போடுபவர்கள், கிளிக்ளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தத்தில் சீனி முதலில் ஏறும், பிறகு ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது ஏற்றதல்ல.

நாலாம் நாள் புரியாணியில் இறங்கினால் வயிறு தாங்காது. காலையில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மதியம் ஒரு கோப்பைச் சோற்றோடு மீன் சொதியும் கீரையும். இரவுக்கு அவித்த முட்டையும் பப்பாசித் துண்டும். அந்த ஒரு வேளைப் பழத்தையாவது அடுத்த வாரமும் விடாமல் வைத்திருங்கள்.