லெப்பர்ட் கெக்கோவையும் பியர்டட் டிராகனையும் ஒரே தொட்டியில் விடச் சொன்னால் நம்பாதீர்கள்

"ரெண்டுமே பாலைவனத்துப் பிராணிதான். டிராகன் பகல்ல திரியும், கெக்கோ இருட்டினாத்தான் வெளியே வரும். ஒன்றை ஒன்று பார்த்துக்கவே பார்க்காது." எனக்கு லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை விற்றவர் சொன்னது இது. வீட்டில் ஏற்கெனவே பியர்டட் டிராகன் என்ற பெரிய ஓணான் இருக்கிறதே, தனித் தொட்டி வேண்டாமா என்று கேட்டதற்கு வந்த பதில். நம்பினேன். ஆறே வாரத்தில் கெக்கோ வாலை இழந்தது.

முதல் வாரமே டிராகன் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பாசம் என்று நினைத்துப் படமெல்லாம் எடுத்தேன். அது பாசமே இல்லை. சூடான இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கி வைப்பது. அப்புறம் கெக்கோ பொந்தைவிட்டு வெளியே வருவதே நின்றுபோனது. இந்த இனம் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும், நல்ல நிலையில் இருந்தால் வால் கொழுகொழுவென்று இருக்கும். என்னுடையதற்குப் பென்சில் மாதிரி ஆகிவிட்டது. அப்போதே பிரித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் விளக்கை அணைக்கப் போனேன். மணலில் வால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. கெக்கோ மூலையில் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. அந்திதான் கெக்கோ எழும் நேரம், டிராகனோ அப்போது இன்னும் தூங்கியிருக்காது. சந்திக்கவே சந்திக்காது என்றாரே, தினமும் சந்தித்திருக்கின்றன.

மருத்துவர் டிராகனின் கழிவையும் சோதித்தார். காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தது. வெளியே பார்க்க அது முழு ஆரோக்கியமாகத்தான் இருந்தது. அந்தத் தொட்டியின் ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில்தான் இரண்டும் குடித்துக்கொண்டிருந்தன.

"பாலைவனம்" என்ற பேச்சைக் கேட்டு ஏமாறாதீர்கள். டிராகன் ஆஸ்திரேலியாவின் ஓணான் வகை, ஒன்றரை அடிக்கு மேல் வளரும், வெயில் காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி வேண்டும். கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பல்லி, அதில் பாதி நீளம்தான், சூடான பக்கத்தில் 32 டிகிரி போதும். வாய்க்கு அடங்குகிற எதையும் டிராகன் இரையாகத்தான் பார்க்கும், சின்னப் பல்லியையும் சேர்த்து.

விற்றவரிடம் திரும்பப் போனேன். "நீங்க தீனி சரியா போடலை, பசியில கடிச்சிருக்கும்" என்று என் மேலேயே திருப்பினார். அவருடைய தொட்டிகளில் மட்டும் எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவே என்றேன், பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அங்கே எதுவும் சில நாட்களுக்கு மேல் தங்குவதில்லை, விற்றுப்போய்விடும். பாதிப்பு தெரிவது வாங்கியவர் வீட்டில்தான்.

ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்றே பிரித்துவிடுங்கள். தற்காலிகமாகக் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பொந்து, தண்ணீர், ஒரு பக்கம் சூடு இருந்தால் போதும். இரண்டின் கழிவையும் சோதிக்கக் கொடுங்கள், ஒன்று மட்டும்தான் சோர்வாகத் தெரிகிறது என்றாலும்.

என் கெக்கோ தனித் தொட்டிக்கு வந்த நான்காம் நாள் பூச்சி சாப்பிட்டது. புது வால் வளர்ந்திருக்கிறது, பழையதைவிடக் குட்டையாக, வழவழவென்று.