மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு எந்த உறை?

சிங்கப்பூரில் துப்பாக்கி உறை என்றால் அது போலீஸ்காரர் இடுப்பில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருப்பது. மற்றவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டாலே, குண்டு யார் மேலும் படாவிட்டாலும், 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி மரண தண்டனை. அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை ஊருக்குள் கொண்டுவரவே போலீஸ் அனுமதி வேண்டும்.

அப்புறம் இந்த அலசல் எதற்கு? நம் பிள்ளைகள் பலர் ஹியூஸ்டன், டாலஸ் பக்கம் குடியேறிவிட்டார்கள். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதான, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். என் அக்கா மகன் அங்கே குடியுரிமை வாங்கி, கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி ஒன்றும் வாங்கிவிட்டான். "மாமா, நீங்க துணைப் போலீஸ்ல இருந்தீங்களே, எந்த ஹோல்ஸ்டர் நல்லது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வேலை விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இடுப்பில் கட்டிய உறைக்கும் அவன் கேட்ட உறைக்கும் வேலையே வேறு. சீருடைக்காரரின் துப்பாக்கி எல்லோருக்கும் தெரிகிறது, ஆகவே பிடுங்க வருபவனைத் தடுக்கும் பூட்டு அதில் முக்கியம். 2015-இல் கூ டெக் புவாட் மருத்துவமனையில், காவலில் இருந்த ஒருவன் போலீஸ் அதிகாரியின் ரிவால்வரைப் பிடுங்கப் பார்த்து, அந்த இழுபறியில் குண்டு பாய்ந்து அதிகாரி காயமடைந்தார். மறைத்து வைப்பவருக்கு அந்த அளவு பூட்டு தேவையில்லை. ஓடினாலும் குனிந்தாலும் விழாத இறுக்கம் போதும். அவருக்கு ஆபத்து பெரும்பாலும் தன் கையிலிருந்தே வருகிறது. கிளாக்கில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையில் (டிரிக்கர்) சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் விழுந்தால் வெடிக்கும். அழுத்தியது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

அதனால் உறையின் முதல் வேலை விசையை முழுதாக மூடுவது. மறைப்பு, சொகுசு, அழகு எல்லாம் அதற்குப் பின்னால்தான். இந்த ஒரு கேள்வியிலேயே கடையில் தொங்குவதில் பாதி கழிந்துவிடும்.

முதலில் கழிவது எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறை. விலை குறைவு, கைக்கு மெத்தென்று இருக்கும். அந்த மெத்துதான் கோளாறு. துணிக்கு மேலிருந்து அமுக்கினாலே விசை நகரும், துப்பாக்கியை எடுத்ததும் வாய் சப்பென்று மூடிக்கொள்ளும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உண்மையான போட்டி கைடெக்ஸுக்கும் தோலுக்கும்தான். கைடெக்ஸ் என்பது சூடாக்கி, துப்பாக்கியின் அச்சிலேயே வார்க்கும் கெட்டிப் பிளாஸ்டிக். துப்பாக்கி உள்ளே போகும்போது 'க்ளிக்' என்று விசைக்கூண்டை, அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை, கவ்வும். இறுக்கத்தை ஒரு திருகாணியில் கூட்டிக் குறைக்கலாம். வியர்வை பட்டால் ஒன்றும் ஆகாது, துடைத்துவிட்டால் போதும். ஹியூஸ்டனின் கோடைப் புழுக்கம் நம் ஊருக்குச் சளைத்ததல்ல, ஆக இது சின்ன விஷயம் இல்லை. குறை என்னவென்றால், விளிம்பு இடுப்பெலும்பில் குத்தும். ஒரு மாடலுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. விசைக்கு முன்னால், குழலுக்குக் கீழே இருக்கும் பட்டையில் டார்ச் பொருத்தினால் வேறு உறைதான்.

தோல் முதல் நாள் முரண்டு பிடிக்கும், பழகிவிட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். எனக்கும் தோல் பிடிக்கும். ஆனால் நன்றாகப் பழகின தோல்தான் ஆபத்தும். வியர்வையில் ஊறி ஊறி வாய் தளர்ந்து, ஒரு மடிப்பு விழும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசைக்கூண்டுக்குள் நுழைந்தால், விரல் செய்யும் வேலையைத் தோலே செய்துவிடும். வாய்க்குள் உலோகப் பட்டை தைத்த உறையாக இருந்து, மாதத்துக்கு ஒரு தடவை வளைத்துப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் தோல் வாங்கலாம். அக்கா மகனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கைடெக்ஸே வாங்கச் சொன்னேன்.

அடுத்தது எங்கே வைப்பது. பெல்ட்டுக்கு வெளியே மாட்டினால் சுகம், எடுப்பது சுலபம். ஆனால் டி-ஷர்ட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும். ஆகவே பேன்ட்டுக்கு உள்ளே, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னாலா, இல்லை முன்னால் தொப்புளுக்கு வலப்பக்கமா என்பதுதான் தீராத சண்டை.

முன்னால் வைப்பதற்கு இப்போது மவுசு அதிகம். கை சட்டென்று எட்டும், குனிந்தால் முதுகில் புடைக்காது, கூட்டத்தில் யாரும் பின்னாலிருந்து தொட முடியாது. எல்லாம் சரி. ஆனால் உட்கார்ந்தால் குழல் தொடையையோ அதைவிட மோசமான இடத்தையோ பார்க்கிறது. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. ஒரே ஒரு தப்பு போதும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிடும். பயிற்சியாளர்கள் இதற்குச் சொல்லும் வழி, உறையில் செருகும்போது இடுப்பை முன்னால் தள்ளி, குழலை உடம்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்புவது. பழகியவர்கள் செய்வார்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்குப் பக்கவாட்டுதான் என் தேர்வு. கார் சீட்டில் கொஞ்சம் உறுத்தும், சீட் பெல்ட் மேலே ஏறும், குனிந்து எதையாவது எடுத்தால் துப்பாக்கியின் கைப்பிடி சட்டையில் துருத்தும். பரவாயில்லை, குனிவதற்குப் பதில் முட்டி மடக்கி உட்காரச் சொல்லுங்கள்.

மீதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கணுக்கால் உறை, உட்கார்ந்தே இருப்பவருக்கு மட்டும். தோள் உறைக்கு மேலே கோட்டு வேண்டும், அந்த வெயிலில் யார் போடுவது? பல தோள் உறைகளில் குழல் பின்னால் வரிசையில் நிற்பவரைப் பார்க்கும் என்பது வேறு. பேன்ட் பாக்கெட், குட்டித் துப்பாக்கிக்குச் சரி. ஆனால் உள்ளே உறை கட்டாயம், அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக்கூடாது. கைப்பையில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தை சுட்டு அந்த அம்மா இறந்தார். அது துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துச் செய்த பை. பை உடம்பில் இருக்காது, வைத்த இடத்தில் இருக்கும்.

உறைக்கு அறுபது முதல் நூறு அமெரிக்க டாலர் கொடுத்துவிட்டு, பெல்ட்டில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள் உண்டு. குண்டு நிரப்பிய கிளாக் 19 ஏறக்குறைய 850 கிராம். சாதாரண ஆபீஸ் பெல்ட்டில் உறை சாய்ந்து, எடுக்கும்போது துப்பாக்கியோடு கூடவே வெளியே வந்துவிடும். ஒன்றரை அங்குல, இரட்டை அடுக்குப் பெல்ட் வேண்டும். தாத்தா வேட்டி மேல் கட்டிய பச்சை பெல்ட் மாதிரி கனமாக. (வேட்டியில் இதெல்லாம் முடியுமா என்று அக்கா மகன் கேட்டான். முடியாது.)

வாங்கி வந்ததும் வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, உறையில் செருகித் தலைகீழாகக் குலுக்குங்கள். விழுந்தால் திருகாணியை இறுக்குங்கள். வெளியிலிருந்து விசைப்பக்கம் அழுத்திப் பாருங்கள், எதுவும் அசையக்கூடாது. ஒரு கையால் எடுத்து அதே கையால் திரும்பச் செருக முடிகிறதா பாருங்கள். செருகும்போது அவசரமே கூடாது. சட்டையை முழுதாகத் தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி மெதுவாக. ஜாக்கெட் நாடா உள்ளே சிக்கி வெடித்த கதைகள் அங்கே ஏராளம். கைடெக்ஸ் திருகாணிகள் நடக்க நடக்கத் தளரும். நீல நிறத் திருகாணிப் பசை ஒரு சொட்டு விட்டு, வாரத்துக்கு ஒருமுறை விரலால் திருகிப் பார்த்தால் போதும்.