ஜங்ஷன் மாடிக் கடை: பழைய டெஸ்க்டாப்பை நம்பி எடுக்கலாம், 'புது செட்' வேண்டாம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று, கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் டெஸ்க்டாப்கள். இன்னொன்று, கேபினெட்டில் கலர் லைட் எரிய 'புது அசெம்பிள்டு ஐ5' என்று முன்வரிசையில் வைத்திருக்கும் செட். முதலாவது கொடுக்கிற காசுக்குத் தகும். இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள்.

அந்தச் செட்டில் புதுசு என்பது கேபினெட்டும் போர்டும்தான். போர்டு, பேர் தெரியாத சீன எச்61 (பழைய இன்டெல் சிப்செட்). அதில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஐ5-3470. 2012-இல் வந்த புராசசர், டிடிஆர்3 ராம். "அண்ணாச்சி, இது எத்தனையாவது ஜெனரேஷன்?" என்று கேட்டால் "ஐ5-தான் அண்ணாச்சி, சும்மா பறக்கும்" என்றுதான் பதில் வரும். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 3470 என்றால் மூன்றாம் ஜெனரேஷன், 8500 என்றால் எட்டு. இன்டெல் டெஸ்க்டாப்பில் எட்டுக்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது.

செட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இன்னும் மோசம். மேலே 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்றால் 12-ஐ 14-ஆல் பெருக்க வேண்டும்: அந்த வரிசையில் கிடைப்பது வெறும் 168 வாட்ஸ். கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இருக்காது.

எடுக்க வேண்டியது ஐ5-8500 போட்ட ஆப்டிபிளெக்ஸ் 3060 அல்லது அதே காலத்து எச்பி. ஆறு கோர், டிடிஆர்4. டேலி, பில்லிங், பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸ் எல்லாவற்றுக்கும் தாராளம். விலை கூடத்தான், கூடுதலாகக் கேட்பது அந்த ஜெனரேஷனுக்கு என்பதால் பேரம் பேசி ஐ5-6500-க்கு இறங்கிவிடாதீர்கள். அதற்கும் விண்டோஸ் 11 கிடையாது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். முதலில் லேன் போர்ட், அதாவது நெட் கேபிள் சொருகும் இடம். நம்ம ஊரில் சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி இடியும் கேபிள் வழியாக வந்து முதலில் அடிப்பது அதைத்தான். மெஷின் நன்றாக ஓடும், நெட் மட்டும் வராது. கேபிள் சொருகி விளக்கு எரிந்தால் போதாது. ஒரு பெரிய ஃபைலை இறக்கிப் பார்க்க வேண்டும். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தேதி பழைய வருஷத்துக்குப் போனால், போர்டில் தேதியைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. சில்லறைச் செலவுதான், அங்கேயே மாற்றச் சொல்லலாம்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிதான் கடைக்காரர் கை வைக்கும் இடம். உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு, பேர் தெரியாத 256 ஜிபி ஒன்றை மாட்டித் தருகிறார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அது ஓடிய மணி நேரத்தையும் ஹெல்த்தையும் பாருங்கள். பிறகு 20 ஜிபி ஃபைலை அதற்குள்ளேயே காப்பி செய்யுங்கள். வேகம் பாதியில் விநாடிக்கு 50 எம்பிக்குக் கீழே விழுந்து அங்கேயே நின்றால், வேறு பிராண்ட் கேட்டு வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவது மேல். ராம் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக வருகிறது. நாலு நாலாக இரண்டு போட்டால் ஆன்போர்டு கிராபிக்ஸ் கொஞ்சம் முன்னேறும், ஆனால் பின்னால் ஏற்ற ஸ்லாட் மிஞ்சாது. ஒற்றையாகவே எடுங்கள்.

விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓட வைக்கும் ஆக்டிவேட்டரை ஓட்ட ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள். பல டெல், எச்பி மெஷின்களில் பயாஸிலேயே (போர்டில் பதிந்திருக்கும் மென்பொருள்) லைசென்ஸ் கீ இருக்கும். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சுத்தமாகப் போட்டால், நெட் கிடைத்ததும் அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஒரு குறை: சின்ன கேபினெட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ் போனால் சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. கடையில் அதே மாடல் ஸ்பேர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஆப்டிபிளெக்ஸுக்குப் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள், எச்பிக்குச் சென்னையிலிருந்து வர வேண்டும்.

வாரண்டி மூன்று மாதம், கடை வாரண்டிதான். எஸ்டிமேட் சிலிப்பை நீட்டுவார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் சேரும்; சேரட்டும். டெல் சர்வீஸ் டேக் (மெஷினின் அடையாள எண்), எஸ்எஸ்டி சீரியல் நம்பர் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றித் தருவதற்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை, நம்பர் பொருந்தினால்.