ஜீனியஸ் தளம்: பாட்டு வரிக்கு உள்ளர்த்தம் தேடுபவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

ஆங்கிலப் பாட்டின் வரிகள் மட்டும் போதுமென்றால் கூகுளில் தேடினாலே வந்துவிடும். அந்த வரியில் வரும் பெயர் யாருடையது, எந்தத் தெரு, எந்த வழக்கு, யாரைக் குத்திப் பாடியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் ஜீனியஸை விடப் பொருத்தமான இடம் குறைவு. ராப் பாடல்களுக்கென்று 2009ல் தொடங்கி, 2014ல் பெயரிலிருந்த ‘ராப்’பை எடுத்துவிட்டு எல்லா வகைப் பாட்டுக்கும் விரிந்த, ரசிகர்களே வரிக்கு வரி விளக்கம் எழுதும் தளம் இது. படிக்கக் கட்டணம் இல்லை, கணக்கும் தேவையில்லை. பின்னணி நிறம் போட்ட வரியைத் தொட்டால் விளக்கம் திறக்கும்.

வரிக்குள் இருக்கும் மறைமுகக் குறிப்புகளைப் பிடிப்பதுதான் இதன் பலம். ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் விருந்து நடக்கும் இடத்தில் எஃகுக் கத்திகள் வரும். சாத்தான், போதை என்று அந்தப் பாட்டின்மேல் ஏற்றிய அர்த்தங்கள் ஏராளம். கத்திக்குக் குழுவைச் சேர்ந்த க்ளென் ஃப்ரை சொன்ன காரணம் வேறு. ஸ்டீலி டான் குழு 1976ல் தன் பாட்டு ஒன்றில் ஈகிள்ஸ் பெயரை இழுத்திருந்தது. அதற்குப் பதிலாக இவர்கள் ‘ஸ்டீலி’ என்ற சொல்லைக் கத்திக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். எத்தனை முறை கேட்டாலும் இது காதில் விழாது. அந்த இன்னொரு பாட்டைத் தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு. அப்படித் தெரிந்தவர்கள் திரண்டு எழுதும் இடம் என்பதால் ஜீனியஸ் இங்கே ஜெயிக்கிறது. ராப்பில் இன்னும் ஒரு படி மேல்: பேட்டைப் பேச்சு, கூடைப்பந்து வீரர் பெயர், பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டு (சாம்பிள்) எல்லாம் ஒரே வரியில் வந்தாலும் பிரித்து வைத்திருப்பார்கள். பக்கத்தின் அடியில் யார் எழுதியது, யார் தயாரித்தது, எந்தப் பாட்டின் சாம்பிள் என்ற பட்டியலும் இருக்கும். பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

சறுக்குவது எங்கே என்றால், விளக்கம் வரிக்கு வரி துண்டாக இருப்பதில்தான். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (1984) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கே சான் என்ற இடம் வருகிறது. வியட்நாமில் 1968 ஜனவரியில் முற்றுகைக்கு உள்ளான அமெரிக்க ராணுவத் தளம் அது. அத்தனை உயிரைக் கொடுத்துக் காத்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் படையே அதைக் கைவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் சகோதரனை அங்கே பறிகொடுத்தவனின் வரி நெஞ்சில் இறங்கும். ஆனால் பாட்டின் உள்ளர்த்தம் ஒரு வரியில் இல்லை. தொண்டை கிழியப் பாடும் பல்லவிக்கும், போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைபவனின் சரணங்களுக்கும் நடுவில் இருக்கிறது. பல்லவியை மட்டும் காதில் வாங்கியவர்கள் இதை தேசபக்திப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடத் தேர்தல் பிரசாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன், நியூ ஜெர்சியில், ஸ்ப்ரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். வரிகளைத் தனித்தனியாகத் தொட்டுப் படிப்பவருக்கும் இந்த மோதல் கைநழுவிப் போகும். அதனால் முதலில் எதையும் தொடாமல் பாட்டை முழுக்கப் படியுங்கள். அடுத்து பக்கத்தின் கீழே இருக்கும் பாட்டு அறிமுகம். வரி விளக்கங்கள் கடைசியில்தான்.

விளக்கத்தைத் திறந்ததும் அதன் தலைப்பைப் பாருங்கள். ‘அன்ரிவ்யூட்’ என்றிருந்தால் ஆசிரியர் குழுவில் யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். ‘வெரிஃபைட்’ என்று பச்சையில் இருந்தால் கலைஞரே எழுதியது. 2013ல் ராப் பாடகர் நாஸ் தொடங்கி வைத்த வழக்கம். அதற்கு மதிப்பு அதிகம். பேட்டிக்கோ செய்திக்கோ இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்பது அடுத்த சோதனை. இணைப்பு எதுவும் இல்லாமல் ‘இருக்கலாம்’ என்று முடியும் விளக்கத்தை ஒரு ரசிகரின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிகளையே தன்னார்வலர்கள் காதால் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். ஒரு சொல் தவறாகக் கேட்டிருந்தால் அதன்மேல் கட்டிய விளக்கம் மொத்தமும் தவறு. புரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போட்டு விடுவது அங்கே விதி. அப்படி விட்டிருக்கும் பக்கத்தை, எல்லாச் சொல்லையும் நிரப்பிய பக்கத்தைவிட நம்பலாம்.

மிகையான வாசிப்பும் இங்கே நிறைய உண்டு. பீட்டில்ஸின் ‘லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ (1967) தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.எஸ்.டி. போதை மருந்து என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. தன் மகன் ஜூலியன் பள்ளியில் வரைந்த படத்திலிருந்து வந்த தலைப்பு அது என்று பீட்டில்ஸின் ஜான் லென்னன் மறுத்திருக்கிறார். தலைப்புக்கு ஒரு காரணம், பாட்டின் சூழலுக்கு இன்னொரு காரணம் என்று இரண்டையும் பிரித்து எழுதும் விளக்கமே நேர்மையானது. ஒன்றை வைத்து மற்றதை அடிப்பவை வேண்டாம்.

நீங்களே எழுத விரும்பினால் கணக்குத் திறந்து, வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுதும் பெட்டி வரும். மூன்று நான்கு வாக்கியம் போதும். வரி சொல்வதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் தள்ளிவிடுவார்கள். வரியில் இல்லாத தகவல் ஒன்றும் அதற்கான இணைப்பும் வேண்டும். ஏற்கப்பட்ட விளக்கங்களுக்கு ‘ஐ.க்யூ.’ புள்ளி சேரும், புள்ளி ஏற ஏற உரிமைகளும் கூடும். புள்ளிக்காகவே எழுதிய வெற்று விளக்கங்கள் பிரபலமான பாட்டுகளில் மண்டிக் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

தமிழ்ப் பாட்டுக்கு இதை நம்பிப் போக வேண்டாம். பெரும்பாலான பக்கங்கள் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. ல, ள வேறுபாடு, ன, ண வேறுபாடு எல்லாம் அதில் கரைந்துவிடும். விளக்கம் எழுதியிருப்பதும் அபூர்வம். சங்கப் பாட்டின் சாயல், சித்தர் வரி, நாட்டார் வழக்கு ஆகியவற்றை அறிந்தவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். அவர்கள் அங்கே தமிழ் எழுத்திலேயே எழுத ஆரம்பித்தால் இந்தக் குறை சில ஆண்டுகளில் தீரும்.

2021ல் மீடியாலேப் நிறுவனம் 8 கோடி டாலருக்குத் தளத்தை வாங்கியது. இப்போது வரிகளுக்கு நடுவிலேயே விளம்பரம் வருகிறது, போனில் படிக்கச் சிரமம். கணினியில் வரி ஒரு பக்கமும் விளக்கம் மறுபக்கமுமாக வசதியாக இருக்கும். ராப்புக்கு இதுவே முதல் இடம். பழைய ராக் பாட்டுகளுக்கு, எழுதியவர்களையே பேட்டி கண்டு வெளியிடும் சாங்ஃபேக்ட்ஸை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.